பொதுப்பெயர் மூச்சு மருந்துகளும் நோயாளிகளின் அச்சங்களும்: சேலம், நாமக்கல் சமவெளி

ஆஸ்துமா, சிஓபிடி போன்ற நெடுநாள் நுரையீரல் நோய் உள்ளவர்கள், பழகிய கம்பெனி மருந்தை விட்டு அதே மூலக்கூறு கொண்ட ஜெனரிக் மருந்துக்கு மாறத் தயங்குவது பரவலாகக் காணப்படுவது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்கூடங்களின் பஞ்சுத் தூசி, நாமக்கல் கோழிப்பண்ணைகளின் எச்சத் தூசியும் அம்மோனியா நெடியும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் கிளப்பும் கல்தூசி, வீட்டு விறகடுப்பு, பீடி என மூச்சைக் கெடுப்பவை இங்கே பல. இளைப்பு கண்டவர் ஆண்டுக்கணக்கில் இன்ஹேலர் இழுக்க வேண்டியிருப்பதால், செலவே அவரை மாற்றத்தை நோக்கித் தள்ளுகிறது.

தனியார் மருத்துவரிடம் காட்டிவந்தவர் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ போகத் தொடங்கும்போது பெரும்பாலும் மருந்து மாறுகிறது. அரசு மருத்துவமனைகளுக்கு 1994-இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பொதுப்பெயரிலேயே மருந்து வாங்குகிறது. டெண்டர் எடுக்கும் நிறுவனம் மாறினால் பெட்டியின் தோற்றமும் மாறும். 2008-இல் தொடங்கிய மக்கள் மருந்தகத் திட்டமும், 2025 பிப்ரவரி 24 அன்று தமிழக அரசு திறந்த முதல்வர் மருந்தகங்களும் மற்ற வழிகள். வடமாநிலத்துக்கு லோடு ஏற்றிச் செல்லும் நாமக்கல் ஓட்டுநருக்கு வழியில் மருந்து தீர்ந்தால், கிடைத்த கம்பெனியின் இன்ஹேலரே கதி. ஆனால் சீட்டில் எழுதிய, சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணை எச் மருந்துக்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தானாகத் தருவதை மருந்து விதிகளின் 65-ஆம் விதி தடுக்கிறது. மூலக்கூறு ஒன்றாக இருந்தாலும் இந்தத் தடை பொருந்தும்.

“ஒரிஜினல் மருந்துதான் கேட்கும்” என்ற நம்பிக்கை, இந்தியச் சந்தையை அறிந்தால் தளரும். மூச்சுக்குழலை விரிக்கும் சால்பியூட்டமால் 1960-களில் பிரிட்டனில் கண்டறியப்பட்டு 1969-இல் வென்டோலின் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இங்கே பலரும் ஒரிஜினல் என்று கேட்டு வாங்கும் ஆஸ்தாலின், அந்த மூலக்கூற்றைச் சிப்லா தயாரித்துத் தன் பெயரில் விற்பது. ஃபோராகார்ட்டும் அப்படியே, அதன் மூலம் வெளிநாட்டுச் சிம்பிகார்ட். மருந்துகளில் பொருளுக்கன்றிச் செய்முறைக்கு மட்டும் காப்புரிமை தந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் இந்திய நிறுவனங்கள் இப்படி வளர்ந்தன. வணிகப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்கலாம் என்று 1975-இல் ஹாத்தி குழு பரிந்துரைத்தது. மருத்துவர்கள் பொதுப்பெயரில் எழுத வேண்டும் என 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த விதிமுறைகள், அதே மாதத்தில் நிறுத்தி வைக்கப்பட்டன.

தரம் பற்றிய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது நியாயமில்லை. தரமற்ற மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் நாடு இது. ஆயினும் 2025-இல் மத்தியப் பிரதேசக் குழந்தைகளின் உயிரைப் பறித்த, காஞ்சிபுரம் மாவட்ட ஆலையில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்து, வணிகப் பெயரோடு விற்கப்பட்டதுதான். தமிழ்நாட்டுச் சோதனையில் அதில் 48.6 விழுக்காடு டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இருந்தது தெரிந்தது. பாதுகாப்பு தயாரிப்பாளரையும் சோதனையையும் சார்ந்தது. பெட்டியில் உள்ள பெயர் அதற்கு உறுதி தராது. மருத்துவப் பணிகள் கழகம் வாங்கும் மருந்துகள் ஆய்வகச் சோதனையில் தேறிய பிறகே மருத்துவமனைகளுக்குப் போகின்றன.

நோயாளி சொல்வது உண்மையாகவே பொருந்துமிடம் கருவி. மாத்திரையை விழுங்கினால் போதும். மூச்சு மருந்தை நுரையீரலுக்குக் கொண்டுசேர்ப்பது கருவியும் இழுக்கும் முறையும். ஸ்ப்ரே வகையைக் குலுக்கி, மெதுவாக, ஆழமாக இழுக்க வேண்டும். பொடி வகையை வேகமாக, விசையோடு இழுக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறியவர் பழைய பழக்கத்தில் இழுத்தால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். பொடி வகைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு: ரோட்டாஹேலர் திருகும்போது கேப்சூல் இரண்டாகப் பிரியும், ரெவலைசர் ஊசியால் துளையிடும். காற்றுத் தடையும் கருவிக்குக் கருவி மாறும். ஒரு கம்பெனியின் ரோட்டாகேப் கேப்சூலை இன்னொரு கம்பெனியின் கருவியில் போட்டால் அதே அளவு மருந்து கிடைக்கும் என்று கொள்ளக் கூடாது. கேப்சூலையே தண்ணீரோடு விழுங்கிவிடுபவர்களும் உண்டு.

“புதுசு நெஞ்சுல இறங்கவே மாட்டேங்குது” என்பது அடிக்கடி கேட்கும் குறை. ஓசோன் படலத்தைக் காக்க இன்ஹேலர்களில் சிஎஃப்சி வாயுவை விட்டு எச்எஃப்ஏ வாயுவுக்கு மாறியபோது இதே குறை உலகெங்கும் எழுந்தது. புதிய ஸ்ப்ரே மென்மையாகவும் குளிர்ச்சி குறைவாகவும் வந்ததால், காலியாகிவிட்டதென்று பலர் எண்ணினர். எல்லாக் குறையும் மனப்பிரமை என்பதும் தவறு. அமெரிக்காவில் 2020 பிப்ரவரியில் அனுமதி பெற்ற பெரிகோ நிறுவனத்தின் ஜெனரிக் சால்பியூட்டமால் இன்ஹேலர், அடைத்துக்கொண்டு மருந்து வராமல் போனதால் அதே ஆண்டு செப்டம்பரில் திரும்பப் பெறப்பட்டது. கலந்துபேசாமல் கருவியை மாற்றிய ஆஸ்துமா நோயாளிகளுக்கு நோய்க்கட்டுப்பாடு குறைந்ததை 2009-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது.

எனவே மாற்றித் தருபவர் அந்தக் கருவியைக் கையில் கொடுத்து, இழுக்கச் சொல்லிப் பார்ப்பது சிகிச்சையின் பகுதி. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் முதலில் விடுபடுவதும் அதுவே. புது ஸ்ப்ரேயைச் சில முறை காற்றில் அடித்துவிட்டே பயன்படுத்த வேண்டும். எத்தனை முறை என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். எண்ணிக்கை காட்டி இல்லாதவற்றில் அடித்த தடவையைக் குறித்துக்கொள்ளலாம். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது நம்பத்தக்கதன்று. ஸ்டீராய்டு கலந்ததென்றால் இழுத்தபின் வாய் கொப்பளிக்க வேண்டும்.

மூச்சு நோய்க்கான மாத்திரைகளில் தியோஃபிலின் மட்டும் தனிக் கவனம் கேட்பது. பயன் தரும் அளவுக்கும் நச்சாகும் அளவுக்கும் இடைவெளி குறுகியது. மெல்லக் கரையும் வகைகளில் கரையும் வேகம் தயாரிப்புக்கேற்ப மாறலாம். மாறியபின் படபடப்போ வாந்தியோ வந்தால் மருத்துவரிடம் பழைய அட்டை, புதிய அட்டை இரண்டையும் எடுத்துச் செல்வது நல்லது.