பொய்யன் என்று அடிபட்ட மாணவர்

சில வருடங்களுக்கு முன் தனியார் பாடசாலையொன்றின் ஒழுக்காற்றுக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். தரம் ஒன்பதில் படித்த ஒரு பையனின் புத்தகப் பையில் கைத்தொலைபேசி அகப்பட்டது. "சேர், இது என்ட இல்ல. ஆரோ வெச்சிருக்காங்க" என்றான். நாங்கள் நம்பவில்லை. தொலைபேசி கொண்டுவந்தது ஒரு குற்றம், பொய் சொன்னது இன்னொரு குற்றம். இரண்டாவதுதான் பெரிது என்று கூட்டத்தில் அடித்துப் பேசியவன் நான்தான். ஒரு கிழமைக்குள் வாப்பாவை அழைத்து விடுகைப் பத்திரத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டோம். ஒரு தவணை கழிந்தபின் வேறொரு மாணவன் தானாக வந்து, அதை வைத்தது தான்தான் என்று ஒப்புக்கொண்டான்.

அதன் பிறகுதான், மாணவர் தலைவர் சின்னம், இல்லம், பிரம்பு, "பாடசாலையின் நற்பெயர் கருதி" விலக்குதல் என்று நாம் கையாளும் இந்த ஏற்பாடெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடி வாசிக்கத் தொடங்கினேன். அதில் பெரும்பகுதி இங்கிலாந்தின் ரக்பி என்ற ஊருக்கே என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ரக்பி பாடசாலை 1567இல் தொடங்கியது. 1797இல் அங்கே ஹென்றி இங்கிள்ஸ் என்பவர் அதிபர். ஒரு பையன் கைத்துப்பாக்கியால் சுட்டு விளையாடும்போது அகப்பட்டான். வெடிமருந்து எங்கே வாங்கினாய் என்று கேட்க, ஊர்க் கடைக்காரரின் பெயரைச் சொன்னான். கடைக்காரர் மறுத்தார். அவருடைய கணக்கில் வெடிமருந்து என்ற பேச்சே இல்லை. பையன் பொய் சொன்னான் என்று அடி விழுந்தது. ஆனால் அவன் சொன்னது உண்மை. ஆத்திரப்பட்ட கூட்டாளிகள் கடையின் கண்ணாடிகளை உடைத்தார்கள். மேல்வகுப்பார் பணம் கட்டவேண்டும் என்றார் அதிபர். அவ்வளவுதான். அதிபரின் வகுப்பறைக் கதவு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மேசை வாங்குகளும் அதிபரின் புத்தகங்களும் மைதானத்தில் எரிந்தன. ஊரில் நின்ற படையினரை அழைத்துக் கலகச் சட்டத்தை வாசித்த பிறகே அடங்கிற்று. நீரகழி சூழ்ந்த ஒரு மேட்டில் ஒதுங்கிய மாணவர்களைச் சிப்பாய்கள் பின்பக்கத்தால் தண்ணீருக்குள் இறங்கிப் போய்ப் பிடித்தார்கள். முன்னின்றவர்கள் விலக்கப்பட்டார்கள். ஒரு பிள்ளையின் சொல்லை ஒரு வியாபாரியின் சொல்லுக்குக் கீழே வைத்ததால் வந்த வினை இது.

1828இல் அதே நாற்காலிக்கு வந்தவர் தோமஸ் ஆர்னோல்ட். நவீன பாடசாலை ஒழுங்கின் தந்தை என்றே பலர் இவரைச் சொல்வார்கள். மேல்வகுப்பு மாணவரிடம் கீழ்வகுப்பாரைக் கண்காணிக்கவும் தண்டிக்கவும் அதிகாரம் கொடுக்கும் வழக்கம் முன்பே இருந்தது. அதற்கு ஒரு தார்மீகப் பொறுப்பைச் சேர்த்தவர் இவர். பாடசாலையால் திருந்தாதவன், மற்றவரைக் கெடுக்கக்கூடியவன் என்று தோன்றினால், பெரிய குற்றம் இல்லாவிட்டாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். பிரம்பை எல்லாவற்றுக்கும் எடுப்பவரல்லர். பொய், குடி, தொடர்ந்த சோம்பல் ஆகியவற்றுக்கே எடுத்தார். அதிலும் பொய்யை அவரால் பொறுக்கவே முடியாது.

அந்தப் பொறுக்காமைதான் அவரையும் வீழ்த்தியது. 1830களின் தொடக்கத்தில் ஒரு பையன், குறிப்பிட்ட பாடப்பகுதி வகுப்பில் படிக்கவேண்டியதாக இருக்கவில்லை என்றான். வகுப்பாசிரியர் இருந்தது என்றார். ஆர்னோல்ட் பையனைப் பொய்யன் என்று கூறிப் பதினெட்டு அடி அடித்தார். பின்னர் விசாரித்தபோது பையன் சொன்னதே சரி என்று தெரிந்தது. பத்திரிகைகளும் விடவில்லை. ஆனால் ஆர்னோல்ட் ஒன்று செய்தார்: அந்தப் பையனிடமும், பின் முழுப் பாடசாலையின் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார்.

அவருடைய மாணவர் தோமஸ் ஹியூஸ் 1857இல் வெளியிட்ட நாவல் ரக்பியின் புகழைப் பேரரசு முழுக்கப் பரப்பியது. இலங்கையிலும் 1851இல் முகத்துவாரத்தில் தொடங்கிய பரி. தோமாவின் கல்லூரி, 1904 முதல் ஃபிரேசர் அதிபராக இருந்த கண்டி திரித்துவக் கல்லூரி போன்றவை ஆங்கிலேயப் பாடசாலைகளைப் பார்த்தே வளர்ந்தன. 1892இல் மருதானையில் உருவான நமது ஸாஹிராவை 1921 முதல் 1948 வரை கட்டியெழுப்பிய டி.பி. ஜாயா அவர்களும் தோமாவின் மாணவர்தான். சின்னமும் பிரம்பும் விலக்கலும் இப்படிக் கப்பலேறி வந்தன. அந்த மன்னிப்பு மட்டும் ஏனோ ஏறவில்லை.

சட்டமும் கையோடு வந்தது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 341ஆம் பிரிவில் ஓர் உதாரணம் உண்டு: தன் தற்றுணிபை நியாயமாகப் பயன்படுத்தி மாணவனை அடிக்கும் ஆசிரியர் சட்டவிரோதப் பலத்தைப் பிரயோகிப்பவரல்லர் என்பது அதன் சாரம். 2005இன் 17ஆம் இலக்கச் சுற்றுநிருபம் அரச பாடசாலைகளில் உடல் தண்டனையை விலக்கியது. 2021இல், ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவனுக்கு உயர் நீதிமன்றம் நட்டஈடு வழங்கியது. அது அடிப்படை உரிமை மீறல் வழக்கு. அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி அத்தகைய வழக்கு அரசின் நிருவாகச் செயலுக்கு எதிராகவே வரும். 1977க்குப் பின் கம்பனிச் சட்டத்தின் கீழ் முளைத்த கட்டணப் பாடசாலையில் விலக்கப்படும் பிள்ளைக்கு அந்தக் கதவு இலகுவில் திறக்காது. கட்டணம் கட்டிய வாப்பாவும் கைகட்டித்தான் நிற்கவேண்டியிருக்கிறது.

நம்மிடம் வேறு மரபு இருக்கவில்லையா? இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில், பிள்ளையின் முதல் தவறைக் காணாததுபோல் விடச் சொல்கிறார். அவன் மறைக்க முயன்றால், அம்பலப்படுத்தாமல் இருப்பது இன்னும் முக்கியம் என்கிறார். 1377இல் முகத்திமா எழுதிய இப்னு கல்தூன், கடுமையான தண்டனை மாணவனைப் பொய்யனாகவும் வேடதாரியாகவும் ஆக்கும் என்று காரணத்தோடு விளக்குகிறார். இவ்விரு நூல்களையும் நமது ஊர்களில் மதிக்காதவர் இல்லை. ஆனாலும் ஓதப்பள்ளியில் பிள்ளையை விடும்போது, "கண் ரெண்டையும் விட்டுட்டு மத்ததெல்லாம் உரிச்சுப் போடுங்க லெப்பை" என்றுதான் நம் வாப்பாமார் சொல்லிவந்தார்கள். பழியை ரக்பியின் தலையில் மட்டும் போட முடியாது.

உண்மை தெரிந்த அன்று, காலைக் கூட்டத்தில் அந்தப் பையனின் பெயரைச் சொல்லி, நாம் பிழைவிட்டோம் என்று அறிவிப்போம் என்று அதிபரிடம் கேட்டேன். "சேர், பிறகு மற்றப் பெற்றோர் என்ன நினைப்பாங்க?" என்றார். நானும் மேலே பேசவில்லை. தனியாக அவனுடைய வீட்டுக்குப் போனேன். வாப்பா கதிரை போட்டார், உம்மா பிளேன்டீ அனுப்பினார். பையன் வந்து ஸலாம் சொன்னான். நான் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல சேர்" என்றவன், சற்றுப் பொறுத்து, "இத ஸ்கூல்லயும் சொல்லிட்டீங்களா சேர்?" என்று கேட்டான்.

இல்லை என்று சொன்னேன்.