முழு கோர்ட்டும் நமக்குத்தான்

நான் அஞ்சுகிராமத்துக்காரன். எங்க பக்கத்துப் பொண்ணுங்க கல்லூரி டீமுல கூடைப்பந்து ஆடும்போது இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஓடுறாங்க. இதுல என்ன அதிசயம்னு கேட்டா, கதை 1892-ல தொடங்குது.

நெய்ஸ்மித் ஆட்டத்தைக் கண்டுபிடிச்ச மறு வருஷமே, அமெரிக்காவின் ஸ்மித் பெண்கள் கல்லூரியில செண்டா பெரன்சன் அதைக் கொண்டுவந்தார். ஆனா பெண்களுக்கு அவ்வளவு ஓட்டம் ஆகாதுன்னு கோர்ட்டை மூணாப் பிரிச்சார். கோட்டைத் தாண்டக் கூடாது! 1896 ஏப்ரல் 4-ல ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் மோதின முதல் கல்லூரிப் போட்டியில ஆண்களுக்கு அனுமதியே இல்லை. ஸ்டான்ஃபோர்ட் 2-1 என ஜெயிச்சது.

அந்தக் கட்டுப்பாடுதான் ஆட்டத்தைக் கல்லூரிக்குள்ள விட்டது. அதேதான் கட்டியும் போட்டது. அமெரிக்கப் பெண்கள் கல்லூரி ஆட்டத்தில் முழு கோர்ட் விதி வர 1971 ஆச்சு.

இங்கே கோடு கோர்ட்டுக்குள்ள இல்லை, வெளியே இருக்கு: படிப்பு முடிஞ்சா, கல்யாணம் ஆனா ஆட்டம் முடிஞ்சுது. சென்னையின் அனிதா பால்துரை 19 வயதில் இந்திய கேப்டன் ஆனார், தாயான பிறகும் ஆடினார், 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவரை விதிவிலக்குன்னு சொல்றோமே, அந்தச் சொல் எப்போ தேவைப்படாமப் போகும்?