மருந்து என்றொரு சொல்

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பெரும்பாலான தறிகள் நெய்வது காயத்துக்குக் கட்டும் துணி. புண்ணில் மருந்திட்டு அதன்மேல் சுற்றும் அத்துணிக்கு மூலமான பருத்திச் செடிக்கும் நம் உழவர் 'மருந்து' அடிக்கின்றனர். உயிரைக் காப்பதற்கும் கொல்வதற்கும் ஒரே சொல்லை வழங்கிவருகிறோம். "மருந்தைக் குடித்துவிட்டான்" என்று ஊரில் ஒருவர் சொன்னால், எந்த மருந்து என்று எவரும் திருப்பிக் கேட்பதில்லை. தமிழ் பயிற்றும் நமக்கு இச்சொல்லின் பொருள்மாற்றம் ஒரு காலத்தில் வகுப்பறை எடுத்துக்காட்டாக மட்டுமே இருந்தது. நம் வகுப்பில் ஓர் இருக்கை காலியான ஆண்டிலிருந்து அதை அவ்வாறு சொல்ல இயலவில்லை.

இப்பொருள் நம் மொழியில் ஏறியது அண்மைக் காலத்தில்தான். பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் இராஜபாளையம் மில்லைத் தொடங்கியபோது, கரிசலில் வானம் பார்த்து விளைந்த பருத்திக்கு நஞ்சு அடிக்கும் வழக்கமில்லை. வீரிய ஒட்டுப் பருத்தியும் அதைத் தேடிவந்த காய்ப்புழுவும் சேர்ந்தே புட்டிகளை வீட்டுக்குள் கொண்டுவந்தன. 2002இல் பி.டி. பருத்தி வருமுன், நாட்டின் பயிர்ப்பரப்பில் சுமார் 5 விழுக்காடே கொண்ட பருத்தி, பூச்சிமருந்தில் ஏறத்தாழப் பாதியை விழுங்கியது என்பர். காடு ஓரிடம், வீடு ஓரிடம் என்றிருந்த சிறு உழவர் அப்புட்டிகளை வேறெங்கே வைப்பார்? குடும்பம் புழங்கும் வீட்டுக்குள்ளேதான் வைத்தார்.

தற்கொலையை நெடுநாள் எண்ணித் துணிந்த முடிவாகவே நம் கதைகளும் திரைப்படங்களும் காட்டிவந்துள்ளன. ஆய்வுகள் காட்டுவது வேறு. பலருக்கு அவ்வேகம் சில நிமிடங்களில் எழுந்து, சில மணிநேரத்தில் தணிந்துவிடுகிறது. முயன்று பிழைத்தவருள் மிகப் பெரும்பாலோர் பின்னர் அவ்வழியில் இறப்பதில்லை. எனவே அந்தச் சில நிமிடங்களில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. பிரித்தானியாவில் 1960களிலும் 70களிலும் அடுப்பெரிவாயு நச்சுத்தன்மை குறைந்த வகைக்கு மாறியது. யாரும் அதைத் தற்கொலைத் தடுப்புத் திட்டமாக வகுக்கவில்லை. ஆயினும் நாட்டின் தற்கொலைகள் மூன்றில் ஒரு பங்களவு குறைந்தன.

கேடானதைக் கைக்கெட்டாமற் செய்வது என்ற எண்ணம் நம் பகுதிக்குப் புதிதன்று. இராஜபாளையத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்த பி.எஸ். குமாரசாமி ராஜா, 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். அவர் ஆண்டது முழு மதுவிலக்கு மாகாணம். 1937இல் சேலத்தில் இராஜாஜி தொடங்கிவைத்தது 1948இல் மாகாணம் முழுதும் பரவியிருந்தது. (மது வருவாய் இழப்பை ஈடுகட்டவே 1939இல் விற்பனை வரி பிறந்தது, இன்று மதுவிற்பனையின் மீதே வரி வாங்கிக் கருவூலத்தை நிரப்புகிறோம்.) 1952 தேர்தலில் குமாரசாமி ராஜா ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் தோற்றார், அதற்கு மதுவிலக்கைக் காரணம் சொல்வது வரலாற்றுக்கு நேர்மையாகாது. 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது, பின்னர் மீண்டது, மறுபடி போனது. 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துகிறது. குடித்துவந்த கணவனிடம் அடிபட்ட பெண்கள் விலக்கை வேண்டியதில் நியாயம் உண்டு. ஆனால் குடிக்கு அடிமையானவனின் உடலே மதுவைக் கேட்கும். கடையை மூடினால் கள்ளச்சாராயம் தேடும். கடைகள் திறந்திருக்கும்போதே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் 60க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

பூச்சிமருந்தின் கதை இவ்விடத்தில்தான் வேறுபடுகிறது. எந்த உழவருக்கும் ஒரு குறிப்பிட்ட நஞ்சின்மேல் தாகம் கிடையாது. புழு சாகவேண்டும், அவ்வளவே. இதைச் செயலில் காட்டியது இலங்கை. 1995இல் அங்கு ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. 1984இல் பாரத்தியானில் தொடங்கிய தடை, 1995இல் மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட கடும் நஞ்சுகள் அனைத்துக்கும் நீண்டது. 1998இல் எண்டோசல்பான், 2008-2011இல் மேலும் மூன்று. உள்நாட்டுப் போர் முற்றியிருந்த ஆண்டுகளிலேயே இது நிகழ்ந்தது என்பது நோக்கத்தக்கது. 2005க்குள் வீதம் பாதியானது, பின்னரும் இறங்கியது. நெல் விளைச்சல் குன்றவில்லை. ஒரு வழி அடைபட்டால் மக்கள் வேறு வழியில் போவர் என்று அஞ்சிய அளவுக்கு எதுவும் நடக்கவில்லை.

தடைக்குப் பதிலாகப் பூட்டு போதாதா என்னும் கேள்வி இயல்பானது. சென்னையில் 1986இல் 'சினேகா' அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவர்தம் குழுவினரும் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரு சிற்றூர்களில் பொதுக் கிடங்கு அமைத்தனர். உழவர் தம் புட்டிகளை வங்கிப் பெட்டகம்போல் அங்கே பூட்டிவைத்து, தேவைப்படும்போது எடுத்துச்சென்றனர். பூச்சிமருந்தால் நேர்ந்த தற்கொலை முயற்சிகள் அங்கே குறைந்தன. ஆனால் இலங்கையில் 180 ஊர்களில், வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்துச் செய்த பேராய்வு 2017இல் வெளியானபோது, பயன் ஏதும் தெரியவில்லை. வீட்டுச் சாவி வீட்டார் கையில்தானே இருக்கிறது! நமக்கு இவ்விரண்டு முடிவுகளும் முரணாகத் தோன்றவில்லை. முதலாவது நஞ்சை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோனது; இரண்டாவது வீட்டுக்குள்ளேயே வைத்தது.

நம் மேற்குமலைக்கு அந்தப்புறம் கேரளம் 2011இலேயே பல நஞ்சுகளை விலக்கியது. தமிழகம் 2023இன் தொடக்கத்தில் ஆறு பூச்சிமருந்துகளுக்குத் தடை விதித்தது. அதுவும் 60 நாளுக்கு. 1968ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டம் மாநிலத்துக்கு அவ்வளவு நாளே தருகிறது. நிரந்தரத் தடைக்கு மைய அரசின் ஆணை வேண்டும். மோனோகுரோட்டோபாஸை நாடு முழுதும் விலக்கும் மைய ஆணை அதே ஆண்டில்தான் வந்தது. இலங்கைக்கு 28 ஆண்டுகள் பின்னே! இந்தத் தாமதத்தில் போன உயிர்களை நினைக்கும்போது, உழவர் துயரைப் பற்றி இத்தனை கதை எழுதிய நாம் இச்சட்டத்தைப் பற்றி ஒரு வரி எழுதவில்லையே என்ற கூச்சம் எழுகிறது.

நஞ்சைத் தொலைவில் வைப்பது ஒன்று. நெருக்கடியின் நாட்களைச் சுருக்குவது இன்னொன்று. பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறினால் முன்பு ஓர் ஆண்டே போய்விடும். முடிவு வெளியாகும் நாளில் செய்தித்தாள்கள் இறப்புக் கணக்குப் போடும். 'சினேகா'வின் இடையறாத வற்புறுத்தலுக்குப் பின், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், உடனடித் துணைத்தேர்வு வந்தது. பொதுத்தேர்வில் தவறியவர் சில வாரங்களில் மீண்டும் எழுதி அதே ஆண்டில் கல்லூரி சேரலாம். அவ்வாறு பிந்திச் சேர்ந்த மாணவர் ஆண்டுதோறும் நம் துறையில் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் சென்ற ஆண்டு யாப்பில் வகுப்பிலேயே முதலாக வந்தார்.

தேர்வு முடிவு வெளியாவதற்கு முந்தைய வகுப்பில் கரும்பலகையின் ஓரத்தில் 104, 14416 என்னும் இரண்டு எண்களை எழுதிவைக்கிறோம். முன்னது மாநிலத்தின் நல உதவி எண், பின்னது 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவி எண். எதற்கென்று ஒருமுறை சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விடுவோம். மணி அடித்த பின்பும் இரண்டொருவர் இருக்கையில் அமர்ந்து, பிறர் காணாதவாறு குறித்துக்கொள்கின்றனர். அடுத்த வகுப்புக்கு வரும் பேராசிரியரிடம் பலகையின் அந்த ஓரத்தை மட்டும் அழிக்கவேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறோம்.