யோரிக் வேடத்துக்கு ஒரு மண்டை ஓடு

ஆந்த்ரே சைக்கோவ்ஸ்கி 1982 ஜூனில் ஆக்ஸ்ஃபோர்டில் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது 46. உடல் மருத்துவ ஆய்வுக்கு. மண்டை ஓடு மட்டும் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனிக்கு, மேடையில் பயன்படுத்த. உயிலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார்.

அவர் பியானோ கலைஞர், ஷேக்ஸ்பியர் பித்தர். ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தை ஓபராவாக்குவதில் பல ஆண்டுகளைச் செலவிட்டவர். 1935இல் வார்சாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1942இல் பாட்டி போலி அடையாளத் தாள்களோடு அவரை நாஜிகள் யூதர்களை அடைத்து வைத்திருந்த கெட்டோவிலிருந்து வெளியே கடத்திக் காப்பாற்றினார். அந்தத் தாளில் இருந்த பெயரே கடைசிவரை நிலைத்தது. தாயை ட்ரெப்ளிங்கா முகாமில் கொன்றார்கள்.

நாடகக் கம்பெனிக்கு வந்த மண்டை ஓட்டை வாடை போகக் கூரையில் இரண்டு ஆண்டுகள் காற்றாட வைத்தார்கள். 1984 ‘ஹாம்லெட்’டுக்காக எடுத்த புகைப்படத்தில் நடிகர் ரோஜர் ரீஸோடு அது இடம்பெற்றது, மேடை ஏறவில்லை. 1989இல் நடிகர் மார்க் ரைலன்ஸ் அதை வைத்து ஒத்திகை பார்த்தார். நேற்றுவரை பியானோ வாசித்த ஒருவரின் தலை அல்லவா? குழுவினருக்கு மனம் ஒப்பவில்லை. அதை அச்சு எடுத்து, வார்த்த நகலை மேடைக்கு வைத்துக்கொண்டார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் உயில் எழுதியவரின் ஆசை நியாயமானது.

ஏனென்றால் ‘ஹாம்லெட்’டில் அந்த மண்டை ஓட்டுக்கு இருக்கும் இடம் சாதாரணமானதல்ல. முதல் அங்கத்தில் செத்துப்போன தகப்பன் ஆவியாக வந்து, தன்னைக் கொன்றவனைப் பழிவாங்கு என்று மகனுக்குக் கட்டளையிடுகிறான். அதன்பின் அந்தப் பிள்ளைக்கு நிம்மதி இல்லை. ஐந்தாம் அங்கத்தில் இடுகாட்டில் குழி வெட்டுபவன் ஒரு மண்டை ஓட்டை எடுத்துக் கொடுக்கிறான். அரண்மனைக் கோமாளி யோரிக்குடையது, மண்ணுக்குள் போய் 23 வருஷம். சிறுவயதில் தன்னை முதுகில் சுமந்து திரிந்தவன், தான் எத்தனையோ முறை முத்தமிட்ட உதடுகள் இருந்த இடம் இது என்று ஹாம்லெட் நினைத்துப் பார்க்கிறான். முகர்ந்து, குமட்டி, கீழே வைத்துவிடுகிறான். தகப்பனைப் பற்றி அவன் நிறையவே பேசுகிறான். அதெல்லாம் மாவீரன், மாமன்னன் என்ற புகழ்ச்சி. மடியில் தவழ்ந்த பிள்ளையின் நினைவு இந்தக் கோமாளியிடம்தான் இருக்கிறது. செத்தவர்களில் அவனிடம் எதையும் கேட்காதவனும் இவன் ஒருவனே.

2008இல் கிரிகரி டோரன் இயக்கத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டு மேடையில் ஹாம்லெட்டாக நடித்த டேவிட் டென்னன்ட் அந்த அசல் மண்டை ஓட்டையே கையில் ஏந்தினார். பார்வையாளர்களுக்குத் தெரியாது. அந்த ஆண்டு இறுதியில் செய்தி கசிந்து பத்திரிகைகளில் பரபரப்பானது. லண்டன் காட்சிகளில் போலி மண்டை ஓடுதான் என்று அறிவித்தார்கள். உண்மையில் அங்கும் அசலே போயிற்று என்பது பிற்பாடு தெரியவந்தது. 2009 டிசம்பரில் பிபிசி ஒளிபரப்பிய ‘ஹாம்லெட்’ படத்திலும் அதுவே.

நாடகத்தில், ஹாம்லெட் யோரிக்கின் மண்டை ஓட்டைக் கீழே வைத்த சற்று நேரத்தில், அவன் நேசித்த ஒஃபீலியாவின் சவ ஊர்வலம் வந்து சேர்கிறது. ஹாம்லெட்டின் வாளுக்குத் தகப்பனைப் பறிகொடுத்த அவளுடைய அண்ணன் லேயர்ட்டீஸ், தங்கையின் குழியில் வைத்தே அவன் கழுத்தைப் பிடிக்கிறான். பழிவாங்க வந்த ஒரு மகனை இன்னொரு மகன் பழிவாங்கப் பார்க்கிறான். யோரிக்குக்கு அந்தச் சண்டையில் வேலை இல்லை.