சிஐஎஸ்எஸ்பியா, ஓஎஸ்சிபியா?

தகவல் பாதுகாப்புத் துறையில் நான்கைந்து ஆண்டுகள் ஓட்டியவரிடம் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அடுத்து சிஐஎஸ்எஸ்பி எழுதலாமே?" இன்னொருவர் ஓஎஸ்சிபி என்பார். இந்த இரண்டு சான்றிதழ்களில் எது பெரியது என்ற விவாதம் அங்கே தொடங்கும். எனக்கு அந்த விவாதமே வீண் என்று படுகிறது. இரண்டும் சோதிப்பது வேறு வேறு ஆட்களை.

சிஐஎஸ்எஸ்பி தேர்வை 1994 முதல் ஐஎஸ்சி2 அமைப்பு நடத்துகிறது. இடர் மேலாண்மையில் தொடங்கி மென்பொருள் பாதுகாப்பு வரை எட்டுப் பிரிவுகள். மூன்று மணி நேரத்தில் 100 முதல் 150 கேள்விகள். நம் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கணினி பொறுக்கிப் போடும். விட்டுவந்த கேள்விக்குத் திரும்ப வழியில்லை. நான்கு விடைகளும் சரிபோலவே தோன்றும், எதை முதலில் செய்வீர்கள் என்பதுதான் கேள்வி. சர்வரில் கை வைக்கத் துடிக்கும் தொழில்நுட்பர் இங்கே தடுமாறுவார். நிர்வாகியைப்போல யோசிப்பவர் தேறுவார். தேறினாலும் பட்டம் உடனே கிடைக்காது. குறைந்தது இரண்டு பிரிவுகளில் ஐந்தாண்டு அனுபவத்தைக் காட்ட வேண்டும். உரிய கல்லூரிப் பட்டம் இருந்தால் ஓராண்டு கழியும்.

ஓஎஸ்சிபிக்கு அனுபவச் சான்று எதுவும் தேவையில்லை. காளி லினக்ஸை உருவாக்கிவரும் ஆஃப்செக் நிறுவனத்தின் தேர்வு இது. 23 மணி 45 நிமிடம் வெப்கேமரா பார்த்துக்கொண்டிருக்க, கொடுத்த கணினிகளுக்குள் ஊடுருவ வேண்டும். அடுத்த 24 மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். நூற்றுக்கு எழுபது எடுத்தால் தேர்ச்சி. உள்ளே நுழைந்ததற்கு அடையாளமான கோப்பும் அந்தக் கணினியின் ஐபி முகவரியும் ஸ்கிரீன்ஷாட்டில் சேர்ந்து தெரியாவிட்டால், ஊடுருவியும் மதிப்பெண் கிடையாது. கெடுபிடிதான், ஆனால் நியாயமானது. வாடிக்கையாளரும் ஆதாரத்தைத்தானே கேட்பார்?

செலவுக் கணக்கும் வேறுபடுகிறது. சிஐஎஸ்எஸ்பி தேர்வுக் கட்டணம் 749 டாலர். அதோடு முடியாது: ஆண்டுச் சந்தா உண்டு, மூன்றாண்டுக்கு 120 தொடர்கல்விப் புள்ளிகளும் சேர்க்க வேண்டும். ஓஎஸ்சிபிக்குப் பயிற்சியும் தேர்வும் சேர்ந்து முதலிலேயே பெருந்தொகை. ஆனால் அந்தப் பட்டம் காலாவதியாகாது. 2024 நவம்பரில் வந்த ஓஎஸ்சிபி பிளஸுக்கு மட்டும் மூன்றாண்டு ஆயுள்.

சந்தை எப்படிப் பார்க்கிறது? இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கை நிறுவனங்களின் விவரப் படிவத்தைப் புரட்டினால், 'சிஐஎஸ்எஸ்பி எத்தனை பேர்' என்று தனியே ஒரு வரி இருக்கும். ஓஎஸ்சிபி பெற்றவர்களை 'பிற தகுதிகள்' வரியில்தான் எழுத வேண்டும். உங்கள் சிஐஎஸ்எஸ்பி உங்களைவிட நிறுவனத்துக்கு அதிகம் பயன்படக்கூடும் என்பதற்கு இதுவே சாட்சி. ஆகவே கட்டணத்தை நிறுவனத்திடமே கேளுங்கள். பதிலுக்கு இத்தனை ஆண்டு வேலையை விடக் கூடாது என்று பாண்டு நீட்டினால் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள்.

தணிக்கை, இணக்கம், குழுத் தலைமை என்று நகர்பவருக்கு சிஐஎஸ்எஸ்பி தகும். பென்டெஸ்டிங்கே, அதாவது ஊடுருவல் சோதனையே, வாழ்க்கை என்றிருப்பவருக்கு அது இப்போதைக்கு வேண்டாம்; ஓஎஸ்சிபி எழுதட்டும். பத்தாண்டு ஊடுருவல் சோதனை செய்து அறிக்கைகளால் பெயர் வாங்கியவருக்கு இரண்டுமே அவசியமில்லை.