அடையாற்றில் தங்கிய ஆசிரியை

பெங்களூரு மல்லேஸ்வரத்தில் இன்று ஒரு மழலையர் பள்ளி வாசலில் 'மாண்டிசோரி' என்ற பெயரைப் பார்த்தால் யாரும் வியப்பதில்லை. அந்தப் பெயருக்கு உரியவர் வாழ்க்கையின் முக்கியமான ஆண்டுகள் தென்னாட்டிலேயே கழிந்தன என்பதுதான் பலருக்குத் தெரியாது.

1939 நவம்பரில், பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பின் பேரில், இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி மகன் மாரியோவுடன் சென்னை அடையாறு வந்தார். அப்போது அவருக்கு 69 வயது. அவர் நடத்திய ஆசிரியர் பயிற்சியில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி பிரிட்டனுக்கு எதிராக இரண்டாம் உலகப் போரில் இறங்கியதும், ஆங்கில அரசு மாரியோவைக் காவலில் வைத்தது. ஆகஸ்டில், தாயின் 70ஆவது பிறந்தநாளையொட்டி விடுவித்தது. ஆனாலும் போர் முடியும்வரை இருவரும் ஐரோப்பா திரும்ப முடியவில்லை.

அந்தக் கட்டாயத் தங்கல், அவர்கள் பின்னர் போய்த் தங்கிய மலையூரான கொடைக்கானலில் பலன் தந்தது. பல வயதுக் குழந்தைகள் சேர்ந்து செடி, பூச்சி, பாசி என்று தேடித்தேடிப் பார்த்தார்கள். இலங்கை ஆசிரியை லீனா விக்ரமரத்ன துணை நின்றார். உலகில் எல்லாமே ஒன்றோடொன்று பிணைந்தவை என்று குழந்தைக்குக் காட்டும் 'பிரபஞ்சக் கல்வி' என்ற சிந்தனை அங்கேதான் விரிந்தது.

மாண்டிசோரியின் கற்றல் கருவிகளில் ஒன்றான இளஞ்சிவப்புக் கோபுரத்தைப் பாருங்கள்: 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து மரக்கட்டைகள். வரிசை தப்பினால் கோபுரமே காட்டிக்கொடுக்கும். குழந்தை தானே கலைத்து அடுக்கும். ஆசிரியர் குறுக்கிடாமல் இருப்பதே இங்கே பெரிய திறமை.

பள்ளி தேடும் பெற்றோரே, பெயர்ப்பலகையோடு நின்றுவிடாதீர்கள். இப்படிப்பட்ட கருவிகள் உள்ள அலமாரி பிள்ளையின் கைக்கு எட்டுகிறதா என்று உள்ளே போய்ப் பாருங்கள்.