தொப்பிக்கு அபராதம்

கதை எழுதுகிறவனுக்குக் கோர்ட்டுக் காட்சி என்றால் ஒரு சபலம் உண்டு. நானும் அதற்கு ஆளானவன்தான். ஆனால் 1670 செப்டம்பரில் லண்டன் ஓல்ட் பெய்லி கோர்ட்டில் நடந்த ஒரு விசாரணையைப் படித்த பிறகு, என் கற்பனையை நினைத்து எனக்கே கூச்சமாகிவிட்டது.

குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கடவுளைத் தொழும்போதுதான் தொப்பியைக் கழற்றுவார்கள். எந்த மனிதனுக்காகவும் கழற்ற மாட்டார்கள். ராஜாங்கத்தின் திருச்சபையைச் சேராதவர்கள் கூடித் தொழுவதை அன்றையச் சட்டம் தடுத்தது. ஆகஸ்டு மாதம் சிப்பாய்கள் அவர்களுடைய ஜபக்கூடத்தை அடைத்துவிடவே, 25 வயது வில்லியம் பென் தெருவில் நின்று பிரசங்கம் செய்தார். அவரையும் வில்லியம் மீட் என்ற வியாபாரியையும், சட்டவிரோதமாகக் கூட்டம் கூட்டிக் கலகம் செய்ததாகக் கூண்டில் ஏற்றினார்கள்.

தொப்பியில்லாமல் வந்த இருவர் தலையிலும் கோர்ட்டாரே தொப்பியை வைக்கச் சொன்னார்கள். பிறகு, தொப்பியோடு நின்றது அவமதிப்பு என்று ஆளுக்கு 40 மார்க் அபராதம் போட்டார்கள்! இதை நான் கதையில் எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் நம்ப முடியவில்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

எந்தச் சட்டப்படி தங்கள்மேல் குற்றம் என்று பென் கேட்டார். பொதுச் சட்டப்படி என்று பதில் வந்தது. பொதுவானதென்றால் எடுத்துக்காட்டுவதில் என்ன சிரமம் என்று அவர் விடவில்லை. சட்டத்தைக் காட்டுவதற்குப் பதிலாக, அவரைக் கோர்ட்டின் மூலையிலிருந்த அடைப்புக்குள் தள்ளினார்கள்.

மிச்சமிருந்தவர்கள் ஜூரர்கள் பன்னிரண்டு பேர். தெருவில் பேசியது வாஸ்தவம் என்றார்களே தவிர, குற்றம் என்று சொல்ல மறுத்தார்கள். கோபங்கொண்ட நீதிபதிகள் அன்னம், தண்ணீர், குளிர்காயத் தீ எதுவுமில்லாமல் அவர்களை இரண்டு இரவுகள் அடைத்துப்போட்டார்கள். பசித்த வயிற்றோடு வெளியே வந்தவர்கள், "இருவரும் குற்றவாளிகளல்ல" என்றார்கள். உடனே அவர்களுக்கும் ஆளுக்கு 40 மார்க் அபராதம், கட்டும்வரை சிறை. தொப்பி அபராதத்தைக் கட்டாத பென்னும் சிறைக்குத்தான் போனார்.

எட்வர்ட் புஷல் என்ற ஜூரரும் வேறு மூவரும் அபராதம் கட்ட மறுத்து, வேறொரு நீதிமன்றத்தில் முறையிட்டார்கள். ஜூரர்களை அவர்கள் சொன்ன முடிவுக்காகத் தண்டிக்கக்கூடாது என்று பிரதம நீதிபதி வான் தீர்ப்பளித்து அவர்களை விடுவித்தார்.

பென் பிற்பாடு அமெரிக்காவில் பென்சில்வேனியாவை ஸ்தாபித்துப் பெரும் புகழடைந்தார். என் மனமோ புஷலையே சுற்றுகிறது. தன் நம்பிக்கைக்காகக் கஷ்டப்படுகிறவன் வீரன், சந்தேகமில்லை. பிறத்தியான் வழக்குக்காகப் பட்டினி கிடந்து, சிறைக்கும் போனவனை என்னவென்று சொல்வது? ஓல்ட் பெய்லியில் அந்த ஜூரர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. பென் கேட்ட கேள்விக்கு நீதிபதிகள் சொல்லாத பதிலை அவர்கள்தான் சொன்னார்கள்.